கூரையற்ற கோயிலும் குறையாத வேண்டுதலும்

மலாக்கா நகரில் கடலை நோக்கி நிற்கும் குன்றின்மீது கூரையற்ற கோயில் ஒன்று உள்ளது. 1521ஆம் ஆண்டில் போர்த்துகீசியர் எழுப்பிய தேவமாதா கோயில் அது. பின்வந்த ஒல்லாந்தர் அதற்குத் தூய பவுல் கோயில் என்று பெயர் மாற்றினர். 1753இல் குன்றின் அடிவாரத்தில் அவர்களுடைய புதிய கோயில் எழுந்தபின் மேலே இருந்தது வழிபாடற்றுப் போயிற்று. இன்று எஞ்சி நிற்பவை சுவர்களும் கல்லறைப் பலகைகளுமே.

அக்கோயில் எவருடைய பெயரைத் தாங்கியதோ அந்தப் பவுல் அடிகளார், எபேசு நகரத்தார்க்கு விடுத்த மடலில் ஒரு வேண்டுதலை எழுதிவைத்தார். அதனை அவர் சிறையிலிருந்து எழுதியதாகத் திருச்சபை மரபு கொள்ளும். சிறைப்பட்டவர் விடுதலையை அன்றோ வேண்டியிருக்க வேண்டும்? அவரோ தம் விலங்கு ஒடிய வேண்டுமென்று அங்கே கேட்கவில்லை. மடலைப் படிப்போரின் உள்ளான மனிதன் உரம்பெற வேண்டும். அவர்கள் அன்பிலே வேரூன்ற வேண்டும். அவ்வன்பின் அகலமும் நீளமும் உயரமும் ஆழமும் அவர்களுக்கு விளங்க வேண்டும். இறைவனின் நிறைவு அவர்களை நிரப்ப வேண்டும் என்பதே அவர் கேட்டது. கிறித்தவ வழிபாட்டில் உள்ளத்தின் வலிமைக்கும் நிறைவுக்குமாக எழும் வேண்டுதல்கள் பலவற்றுக்கு இதுவே ஊற்று.

இவ்வேண்டுதல் தமிழரிடையே எவ்வாறு வேர்கொண்டது, மலாக்காவின் நகரங்களுக்கும் தோட்டங்களுக்கும் எவ்வாறு வந்து சேர்ந்தது, எச்சோதனைகளைக் கடந்தது என்பது ஆராயத்தக்க வரலாறாகும். கற்கோயில்கள் ஆட்சிக்கு ஆட்சி கைமாறின. மனப்பாடமாய் மக்கள் நாவில் நின்ற வேண்டுதலை எந்த ஆட்சியாலும் கைப்பற்ற இயலவில்லை என்பதே அவ்வரலாறு சுட்டும் உண்மை.

முத்துக்குளித்துறையில் ஒலித்த மணி

பிரான்சிசு சவேரியார் 1542ஆம் ஆண்டு மே திங்களில் கோவாவை அடைந்தார். அவ்வாண்டின் இறுதியில் தூத்துக்குடி, மணப்பாடு முதலிய ஊர்களைக் கொண்ட முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்கு வாழ்ந்த பரதவர் சில ஆண்டுகளுக்கு முன்னரே திருமுழுக்குப் பெற்றிருந்தனர். ஆயினும் அவர்களுக்குத் தம் மொழியில் வழிபாடு கற்பிப்பார் இல்லை. தாம் கிறித்தவர் என்பதற்கு மேல் அவர்கள் தம் சமயத்தைப் பற்றி அறிந்தது மிகக் குறைவே.

சவேரியார்க்குத் தமிழ் தெரியாது. தமிழும் போர்த்துகீசியமும் அறிந்த சிலரைக் கூட்டிவைத்து, பல நாள் உழைத்து, நம்பிக்கை அறிக்கை, கற்பனைகள், ஆண்டவர் கற்பித்த செபம் முதலியவற்றைத் தமிழாக்கினார். அவற்றை மனப்பாடம் செய்து, கையில் மணியேந்தித் தெருத்தெருவாகச் சென்று சிறுவரையும் பெரியோரையும் கூட்டிக் கற்பித்தார். 1544ஆம் ஆண்டு சனவரித் திங்களில் கொச்சியிலிருந்து அவர் விடுத்த மடல் இச்செய்திகளை விரிவாகக் கூறுகிறது.

அம்மடலில் ஒரு குறிப்பு இவ்வாய்வுக்கு இன்றியமையாதது. ஞாயிறுதோறும் ஊரார் அனைவரும் கூடியதும், நம்பிக்கை அறிக்கையின் ஒவ்வொரு கூற்றையும் அவர் சொல்ல மக்கள் திருப்பிச் சொல்வர். ஒரு கூற்று முடிந்ததும் அடுத்ததற்குச் செல்வதில்லை. சொன்ன கூற்றை ஐயமின்றி உறுதியாக நம்புவதற்கு அருள் தரவேண்டுமென்று அனைவரும் சேர்ந்து இறைஞ்சுவர். பத்துக் கற்பனைகளை ஓதும்போதும் அவ்வாறே. ஒவ்வொன்றையும் கடைப்பிடிப்பதற்கான ஆற்றலை வேண்டிய பின்னரே அடுத்ததை ஓதுவர். நம்புவதும் நல்வழி நிற்பதும் மனிதன் தன் முயற்சியால் மட்டும் எய்தக்கூடியவை அல்ல, கேட்டுப் பெறவேண்டியவை என்ற கருத்து அக்கடற்கரை மக்களுக்கு இவ்வாறு பழக்கத்திலேயே ஊட்டப்பட்டது.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. நோயுற்றோர் வீடுகளிலிருந்து அழைப்புகள் மிகுந்தன. எல்லா இடத்துக்கும் தாமே செல்ல இயலாத சவேரியார், செபங்களைக் கற்ற சிறுவர்களை அனுப்பினார். வலைஞர் வீட்டுப் பிள்ளைகள் நோயாளியின் பாயருகே நின்று செபம் சொல்லினர். வேண்டுதல் குருவானவரின் தனியுடைமை அன்று என்பது தமிழ்க் கிறித்தவத்தின் தொடக்கக் காலத்திலேயே நிலைநாட்டப்பட்டது.

விரைவில் செய்த அத்தமிழாக்கத்தில் பிழைகள் இருந்தன. பின்னர் வந்த அன்றீக்கு அடிகளார் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அக்கரையில் வாழ்ந்து தமிழை முறையாகக் கற்று அவற்றைத் திருத்தினார். 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சேறிய அவருடைய 'தம்பிரான் வணக்கம்' பதினாறு பக்கங்களே கொண்ட சிறுநூல். இந்திய மொழி ஒன்றின் எழுத்துகளைக் கொண்டு இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் என்னும் பெருமை அதற்கு உண்டு. அதன் பொருள் வழிபாடும் சமயப் பாடமுமே என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

மலாக்காவில் சவேரியார்

முத்துக்குளித்துறையிலிருந்து கிழக்கே நோக்கிய சவேரியார் 1545ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் இறுதியில் மலாக்காவை அடைந்தார். மூன்று திங்கள் அளவு இங்குத் தங்கிப் பின் அம்போய்னாவுக்குப் பயணமானார். மருத்துவமனையில் தங்கி நோயாளரைப் பேணினார்; ஞாயிறுதோறும் பெரிய கோயிலில் உரையாற்றினார்; நாள்தோறும் சிறுவர்க்குச் செபம் கற்பித்தார். தமிழில் செய்த அதே பணியை இங்கு மலாய் மொழியில் தொடங்கினார். மொழியறியாமல் அப்பணியைச் செய்வது எத்துணைக் கடினம் என்பதை அவ்வாண்டு நவம்பரில் மலாக்காவிலிருந்து எழுதிய மடலில் ஒப்புக்கொள்கிறார். தமிழ்க் கடற்கரையில் உருவான முறை மலாக்காவின் மலாய் வழிபாட்டுக்கு முன்மாதிரியாயிற்று எனலாம்.

பின்னும் பலமுறை அவர் இந்நகருக்கு வந்து சென்றார். 1552 டிசம்பரில் சீனக் கரையை அடுத்த தீவில் உயிர்நீத்தார். அவருடைய உடல் 1553ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மலாக்காவுக்குக் கொண்டுவரப்பட்டுக் குன்றின்மேல் உள்ள கோயிலில் அடக்கம் செய்யப்பெற்றது. அவ்வாண்டு இறுதியில் அது கோவாவுக்கு எடுத்துச் செல்லப்பட்டது.

அக்கால மலாக்காவில் தமிழர் அயலார் அல்லர். 1511இல் நகரைக் கைப்பற்றிய அல்புகெர்க்கு, நைனா செட்டி என்னும் தமிழ் வணிகரையே பெண்டகாரா பதவியில் அமர்த்தினார். அவ்வணிகர் மரபில் வந்த மலாக்காச் செட்டிகள் சைவநெறியில் நின்றனர். 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயம் அவர்களுக்குரியது. அவர்களுடைய வீட்டுமொழி மலாயாக மாறிப் பல தலைமுறைகள் ஆயின. எனினும் வழிபாட்டு முறைகளை விடாது பேணுகின்றனர். மொழி தேய்ந்தபின்னும் வழிபாடு நிற்கக்கூடும் என்பதற்கு அவர்கள் சான்று. அதற்கு எத்துணை விழிப்பு வேண்டும் என்பதற்கும் அவர்களே சான்று.

ஒல்லாந்தர் ஆட்சியில்

1641ஆம் ஆண்டு சனவரியில் மலாக்கா ஒல்லாந்தர் வசமாயிற்று. சீர்திருத்தச் சபையினரான அவர்கள் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தனர். கோயில்களை இழந்த மக்கள் வீடுகளில் மறைவாகக் கூடிச் செபித்தனர். தடை தளர்ந்தபின் 1710இல்தான் தூய இராயப்பர் கோயில் எழுந்தது. இடைப்பட்ட ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் செபத்தைக் காத்தவை குடும்பங்களே.

இதே ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தையும் தூத்துக்குடியையும் கைப்பற்றினர். யாழ்ப்பாணத் தமிழ்க் கத்தோலிக்கருக்கும் மலாக்கா மக்களுக்கும் நேர்ந்த நிலை ஒன்றே. அங்கு 1687இல் கோவாவிலிருந்து யோசேப்பு வாசு அடிகளார் கூலியாள் கோலத்தில் கரையிறங்கினார். இரவில் வீடுவீடாகச் சென்று வழிபாடு நடத்தினார். தாம் இல்லாத ஊர்களில் மூப்பர், அண்ணாவியார் ஆகிய பொதுமக்களே செபத்தை நடத்துமாறு ஒழுங்கு செய்தார். 1711இல் கண்டியில் மறைந்த அவர் 2015ஆம் ஆண்டு கொழும்பில் புனிதராக அறிவிக்கப்பட்டார். குரு இல்லாத காலத்தில் உள்ளத்தைத் திடப்படுத்திக்கொள்ளும் இவ்வொழுங்கு பிற்காலத்தில் தோட்டப்புற வாழ்வுக்கும் தேவையாயிற்று.

தரங்கம்பாடியும் திருநெல்வேலியும்

சீர்திருத்தச் சபையினரின் தமிழ் வழிபாடு தரங்கம்பாடியில் தொடங்கியது. 1706இல் அங்கு வந்த சீகன்பால்கு தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. எபேசியருக்கு எழுதிய மடலின் வேண்டுதலைத் தமிழர் தம் மொழியில் அச்சிட்ட ஏட்டில் படிக்கும் நிலை அப்போது பிறந்தது.

படித்தல் வேறு, அதற்கேற்ப வாழ்தல் வேறு. அன்பின் அகலத்தை அறியவேண்டுமென்று வேண்டிய சபைகளிலேயே சாதிக்கொரு பக்கமாக அமரும் வழக்கம் நிலைத்தது. நற்கருணைக் கிண்ணத்தைப் பருகுவதிலும் வரிசை பார்த்தனர். 1833ஆம் ஆண்டு கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், சபையில் சாதி வேற்றுமை அறவே ஒழியவேண்டுமென்று ஆணையிட்டார். தஞ்சையிலும் சென்னையிலும் பலர் அதனை எதிர்த்தனர். பெரும்புலவரும் பாமாலை பல இயற்றியவருமான தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் எதிர்ப்பாளர் பக்கமே நின்றார். பக்தி மிகுந்தோரிடத்தும் உள்ளம் விரிவடைதல் எளிதன்று என்பதற்கு இந்நிகழ்ச்சி தக்க சான்று.

தமிழ்மொழியின் இயல்பு ஒன்று இவ்விடத்தில் சிந்தனைக்குரியது. இறைவனை நோக்கி வேண்டும்போது தமிழர் 'எங்கள்' என்பர். ஒருவரோடொருவர் பேசும்போது 'நம்' என்பர். வேண்டுதலில் வரும் 'எங்கள்' என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்பதே கேள்வி. தன் குடும்பமா, தன் சாதியா, தன் சபையா, ஊர் முழுவதுமா? பவுல் அடிகளார் கேட்ட நிறைவு தனியொருவர் உள்ளத்தில் மட்டும் நிரம்புவதன்று. அன்பின் அளவுகளை எல்லா இறைமக்களோடும் சேர்ந்தே அறியமுடியும் என்பது அவர் கருத்து. ஆதலின் 'எங்கள்' குறுகும் அளவுக்கு நிறைவும் குறையும்.

1860ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமையில் நிகழ்ந்த எழுப்புதல் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. அதன் நடுவில் நின்றவர் அருளப்பனார். 1810இல் பிறந்த அவர், அயல்நாட்டுச் சங்கம் எதனிடமும் ஊதியம் பெறாமல் வாழ்வதென்று உறுதிகொண்டவர். 1842இல் கிறிஸ்தியான்பேட்டை என்னும் சிற்றூரை நிறுவியவர். அங்குக் கூடியோர் தூய ஆவியின் நிறைவை வேண்டித் தொடர்ந்து செபித்தனர். 1860 மார்ச்சுத் திங்களில் தொடங்கிய எழுச்சி சுற்றுப்புறச் சபைகளுக்கும் பரவிற்று. ஆடவரும் பெண்டிரும் தம் குற்றங்களை வாய்விட்டு அறிக்கையிட்டனர். பலர் ஊதியமின்றி ஊர் ஊராகச் சென்று பணிசெய்தனர். உணர்ச்சிப் பெருக்கு மிகையென்று கருதியோரும் இருந்தனர். ஆயினும் தமிழர் தம் மொழியில், தம் தலைமையில், தம் செலவில் உள்ளத்தின் உரத்தைத் தேடினர் என்பது மறுக்கவொண்ணாதது.

தோட்டப்புறத்தில்

1896ஆம் ஆண்டு தான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் நாற்பது ஏக்கரில் இரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வாணிக நோக்கில் எழுந்த முதல் இரப்பர்த் தோட்டம் அதுவே. பின்னர் அசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. சாசின், அலோர் காஜா வட்டாரங்களில் பால்மரக் காடுகள் பரந்தன. கங்காணிகள் வழியே தமிழர் ஆயிரக்கணக்கில் நாட்டுக்குள் வந்தனர். 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்யும்வரை அவ்வரவு ஓயவில்லை.

வந்தவருள் பெரும்பாலோர் இந்துக்கள். தோட்டத்தின் நடுவே மாரியம்மன் கோயில் எழுந்தது. கிறித்தவர் சிறுபான்மையினர், சில தோட்டங்களில் நான்கைந்து குடும்பங்களே. கத்தோலிக்கருக்கு நகரில் 1849இல் பிரெஞ்சுக் குருவானவர் பாவர் தொடங்கிய தூய பிரான்சிசு சவேரியார் கோயில் இருந்தது. முத்துக்குளித்துறையின் குருவே மலாக்காத் தமிழரின் கோயிலுக்கும் பெயர் தந்தவரானார். வடக்கே பேராக்கின் பாகான் செராயிலும் 1880களில் பிரெஞ்சுக் குருக்கள் தமிழ்க் கத்தோலிக்கரின் குடியிருப்பை உருவாக்கினர். தரங்கம்பாடி மரபினரான லூத்தரன் சபையினர் 1907ஆம் ஆண்டளவில் மலாயாவில் தமிழ் வழிபாட்டைத் தொடங்கினர். மெதடிஸ்ட் சபையும் ஆங்கிலிகன் சபையும் தமிழ்ப்பணியை மேற்கொண்டன.

ஆயினும் தோட்டத்திலிருந்து நகரக் கோயில் தொலைவு. அதிகாலையில் பெரட்டு, பின் பால்வெட்டு, வாளி சுமந்து மீளும்போது உச்சிவேளை. குருவானவரோ போதகரோ எப்போதாவது வருவர். ஏனைய நாளெல்லாம் உபதேசியாரும் குடும்பத் தலைவருமே செபம் நடத்துவர். லயத்து வீட்டின் ஒற்றை அறையில் மாலை விளக்கேற்றிச் செபமாலை சொல்வதும், பாட்டும் வேதவாசிப்பும் நிகழ்வதும் வழக்கமாயின. கத்தோலிக்கத் திருப்பலி அக்காலத்தில் இலத்தீனில் நடந்தது. ஆனால் லயத்தில் சொன்ன செபமோ தமிழ். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் 1960களில் திருப்பலியும் தமிழில் நிகழத் தொடங்கியது. கோயிலுக்குள் தமிழ் நுழையுமுன் வீட்டுச் செபம் அதனைக் காத்து வைத்திருந்தது.

அம்மக்கள் என்ன வேண்டினர்? மழை, கூலி, மகப்பேறு, காய்ச்சல் தணிதல் ஆகியவை இயல்பாக எழும் வேண்டுதல்கள். அவற்றை இழிவென்று தள்ளுவது அறமாகாது. பசித்தவன் அன்றாட உணவைக் கேட்க ஆண்டவரே கற்பித்தார். எனினும் உள்ளத்தின் உரத்தை வேண்டுதல் வேறொரு படியில் நிற்பது. துரையின் சினத்துக்கும் கங்காணியின் கடன் கணக்குக்கும் கள்ளுக்கடையின் ஈர்ப்புக்கும் நடுவில், தன்னை ஒரு கூலிக்கணக்கு எண்ணாக மட்டும் கருதிக்கொள்ளாமல் மனிதனாக நிமிர்ந்து நிற்பதற்கு அவ்வுரம் தேவைப்பட்டது. அதனை வெறும் பொறுமைப் பாடமாக்கி, கொடுமையைச் சகித்துக்கொள் என்று போதித்தவர்களும் உண்டு. அது மடலின் கருத்துக்கு நேர்மாறு. வேரூன்றிய மரம் காற்றுக்கு அசையும்; பெயர்ந்து விடாது. உரம் வேண்டுதல் என்பது அந்த வேருக்கு நீர் வேண்டுதலே.

போர்க்காலச் சோதனை

1942இல் சப்பானியர் ஆட்சி தொடங்கியது. தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. காலராவாலும் பசியாலும் மாண்டோர் எண்ணிறந்தோர். ஆள் எடுபட்ட லயங்களில் எஞ்சிய பெண்களும் முதியோரும் மரவள்ளிக் கிழங்கால் உயிர் தாங்கினர்.

ஆங்கிலேயப் போதகர் பலர் சிறையிலடைக்கப்பட்டனர். மலாக்காவையும் தன்னகத்தே கொண்டிருந்த சிங்கப்பூர் ஆங்கிலிகன் மறைமாவட்டத்தின் பேராயர் லியோனார்டு வில்சன் 1943இல் சாங்கிச் சிறைக்குச் சென்றார். மறைமாவட்டப் பொறுப்பில் பங்கேற்றவர்களுள் தமிழ்க் குருவான தே. தா. செல்லையா ஒருவர். அயலாரின் தலைமையில் இருந்த சபை மண்ணின் மைந்தர் தோள்களில் நின்றது.

அவ்வாண்டு அக்டோபரில் வில்சனைச் சப்பானிய இராணுவக் காவல்துறை கொண்டுபோய்ப் பல நாள் கொடுமையாக அடித்தது. போருக்குப்பின் 1946இல் பிரிட்டிஷ் வானொலியில் ஆற்றிய உரையில் அவர் அவ்வனுபவத்தை விளக்கினார். உன் கடவுள் ஏன் உன்னைக் காப்பாற்றவில்லை என்று அடித்தவர்கள் கேட்டனர். காக்கிறார், வலியை அகற்றி அன்று, வலியைத் தாங்கும் ஆவியைத் தந்து காக்கிறார் என்பது அவர் விடையின் கருத்து. அடிப்போரை மன்னிக்கும் ஆற்றலையும் அவர் வேண்டினார். அவர்களைச் சிறு குழந்தைகளாக மனக்கண்ணில் கண்டபோதுதான் வெறுப்பு நீங்கியதாகக் கூறினார். அவரை வதைத்தவர்களுள் ஒருவர் பிற்காலத்தில் கிறித்தவராகி அவர் கையாலேயே திடப்படுத்தல் பெற்றார்.

இந்நிகழ்ச்சி ஒரு பேராயரைப் பற்றியது, உலகறிந்தது. இரயில்பாதையில் மாண்ட தோட்டத் தமிழரின் செபங்களை எவரும் வானொலியில் உரைக்கவில்லை. சாதியும் சமயமும் பாராமல் ஒரே குழியில் புதையுண்ட அவர்களின் 'எங்கள்' என்ற சொல், கோயிற்படிகளில் வரிசை பார்த்தோரின் சொல்லைவிட விரிந்தது.

இன்றைய வினா

1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பின்னர் இரப்பர் இருந்த இடங்களில் செம்பனை வந்தது. தொழிற்சாலைகளும் வீடமைப்புத் திட்டங்களும் வந்தன. லயங்கள் வெறுமையாகி மக்கள் நகரம் சேர்ந்தனர். 1972இல் மலாக்கா–சொகூர் கத்தோலிக்க மறைமாவட்டம் அமைந்தது. சவேரியார் கோயிலில் தமிழ்த் திருப்பலி தொடர்கின்றது. ஆயினும் இளந்தலைமுறையில் ஆங்கிலத்திலும் மலாயிலும் செபிப்போர் பெருகி வருகின்றனர். இறைவனுக்கு எம்மொழியும் விளங்கும். ஆதலின் அது குற்றமன்று. ஆனால் பாட்டியின் செபத்தைப் பேரன் புரிந்துகொள்ளாத வீட்டில், செபத்தோடு சேர்ந்து ஒரு மக்களின் துயரும் துணிவும் மறைந்துபோகும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மற்றொரு மாற்றமும் நிகழ்ந்துள்ளது. லயத்தில் அடுத்த வீட்டு இந்துத் தாய் நோயுற்றால் அவளுக்காகவும் செபம் எழுவது இயல்பாக இருந்தது. ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தோர் ஒருவர் அழுகையை ஒருவர் கேட்டனர். நகரத்து வீடுகளில் கதவு மூடியிருக்கிறது. வேண்டுதலும் தன் தேர்வு, தன் வேலை, தன் வீடு என்று சுருங்குவதற்கு வாய்ப்பு மிகுதி.

தமிழில் 'வேண்டு' என்னும் சொல்லுக்கு விரும்புதல், இரத்தல் என்னும் இரு பொருளும் உண்டு. ஒருவன் எதனை வேண்டுகிறானோ அதனைக்கொண்டே அவன் உள்ளம் அளக்கப்படும். மணியோசை கேட்டு ஓடிவந்த பரதவச் சிறுவர் நம்புவதற்கு வலிமை வேண்டினர். அடுத்த வீட்டு நோயாளிக்காக அதனைச் செலவிட்டனர். விளக்கேற்றிய லயத்து அறைகளில் பால்மரத் தொழிலாளர் மறுநாள் எழுந்து நிற்பதற்கு வலிமை வேண்டினர். மலாக்காவின் தமிழ்க் கிறித்தவர்க்கு அவர்கள் விட்டுச்சென்ற செல்வம் அவ்வேண்டுதலே. அதனைப் பேணுவது மனப்பாடமாக ஓதுவதோடு முடிவதில்லை. 'எங்கள்' என்னும் சொல்லுக்குள் இன்னும் எத்தனை பேருக்கு இடமளிக்க முடியும் என்று நாள்தோறும் தம் உள்ளத்தைக் கேட்பதும் அதனுள் அடங்கும்.